உள்ளங்காலில் ஒரு கோடு

வெந்நீர்ப் பானை யாரும் தொடாமல் விளிம்பு வரை நிறைந்து, ஆறிக் கிடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் தவசிமுத்து சாயங்காலம்தான் அதைக் கவனித்தான்.

காலையில் மம்சாபுரம் ராக்கப்பனைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். கட்டுவிரியன் கடி. ராஜபாளையத்துக்குக் கிளம்பிய டாக்டர் ஒரு சாவியைத் தவசிமுத்துவின் கையில் கொடுத்துச் சொன்னார்: "இந்தக் கடியில ஆளு பொணம் மாதிரி கெடப்பான். குதிகால்லருந்து சுண்டுவிரல் வரைக்கும் சாவியால கோடு இழு. பெருவிரல் அசைஞ்சா உயிர் இருக்கு. உழுத காலு, தோலு தடிச்சிருக்கும். வெந்நீர்ல ஊறவச்சுப் பொறவு இழு."

சேறு காய்ந்து வெடித்த அந்தக் காலைக் கழுவ அவனுக்கு அருவருப்பு. கேட்டால் வேலை அதிகம் என்பான். காய்ந்த தோலிலேயே இரண்டு இழுப்பு இழுத்தான். விரல் அசையவில்லை. "போயிட்டாரும்மா" என்று ராக்கப்பன் மனைவி குருவம்மாளிடம் சொல்லி, தூக்கிப் போக விட்டுவிட்டான்.

டாக்டர் திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ஊறவச்சுத்தானே இழுத்தே?"

"ஆமாங்கய்யா."

டாக்டர் உள்ளே போனதும் தவசிமுத்து கிளம்பினான். மம்சாபுரம் பாதையில் ஓட்டமும் நடையுமாகப் போனான். புளியமரங்களின் நிழல் பாதையை மூடிக்கொண்டு வர, வயலிலிருந்து சேற்று வாடை ஏற, அவனுடைய செருப்புச் சத்தத்துக்குப் பின்னால் காய்ந்த தோலில் சாவி உரசுகிற சத்தம் கேட்டது. நின்றால் நின்றது. நடந்தால் தொடர்ந்தது.

இடுகாட்டில் குழியை மண் போட்டு மூடியாகிவிட்டது. எல்லோரும் போய்விட்டார்கள். ராக்கப்பன் தம்பி ஐயாதுரை மட்டும் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"கால்கட்டு நிக்கவே இல்ல அய்யா. வெந்நீர் ஊத்திக் குளிப்பாட்டின பொறவு பெருவிரல்ல கட்டுன துணி மூணு வாட்டி அவுந்துட்டு. நான்தான் இறுக்கி முடிஞ்சேன்."

உயிரோடு புதைக்க விட்டுவிட்டேன் என்று தவசிமுத்துவுக்குத் தெரிந்தது. தோண்டச் சொல்ல வேண்டும். சொன்னால் டாக்டரிடம் சொன்ன பொய்யையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

செருப்பைக் கழற்றிவிட்டு மண்மேட்டில் ஏறினான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டு, வெறுங்காலால் மண்ணை அழுத்திப் பார்த்தான்.

ஈரமண். அசைவில்லை.

பிறகு, குதிகாலுக்கு அடியில் ஏதோ தொட்டது. நகம். மெதுவாக நகர்ந்தது. குதிகாலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒரே கோடு.

நின்றது. காத்திருந்தது.

அவனுடைய பெருவிரல் தானாக அசைந்தது.