மூன்று மாத இருட்டு

காலைச் சங்கு ஊதியதும் ஊட்டச்சாளரத்தைத் திறப்பேன். அதற்கு முன்பே மஞ்சள் விளக்கு வீட்டுப் பெண்கள் வந்து நிற்பார்கள். ஒவ்வொருத்தியாக நாக்கை நீட்டுவாள். அரசாங்கம் ஊட்டுகரம் என்று பெயர் வைத்த, நாங்கள் கொக்கு என்று கூப்பிடுகிற ரோபோக் கை அதன்மேல் ஒரு மாத்திரையை வைக்கும். விழுங்கியாயிற்றா என்று வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவளை விடும். கையில் கொடுத்தால் விற்றுவிடுகிறார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. நான் பக்கத்தில் நின்று சிரிக்க வேண்டும். நர்ஸ் படிப்புப் படித்தவளுக்குக் கொக்கு மிச்சம் வைத்த வேலை அதுதான்.

தூத்துக்குடியைக் கடல் கொண்டுபோன பிறகு கட்டிய மிதவை ஊர்களில் எங்களுடையது மூன்றாவது. இங்கே மண் கிடையாது. கீரையும் பயறும் படத்தில்தான். மூன்று வேளையும் பாசிமாவு. பூஞ்சை பிடிக்காமலிருக்க அதைக் கதிர்வீச்சில் வாட்டி அனுப்புகிறார்கள். வாட்டும்போது அதிலிருக்கும் ஃபோலேட் செத்துப்போகிறது. குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் மூலமான நரம்புக்குழல் சரியாக மூட அந்தச் சத்து வேண்டும். ஆகையால் எங்களுக்கு மாத்திரையை விட்டால் கதி இல்லை.

மாத்திரை கப்பலில் அளவாகத்தான் வரும். பிள்ளை வேண்டும் என்கிற பெண் முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும். பதிந்ததும் அவள் வாசலுக்கு மேல் கருநோக்க விளக்கு மஞ்சளாக எரியும். கொசுமருந்து ட்ரோன் அந்த வீட்டை விட்டு விலகிப் பறக்கும். அக்கம்பக்கத்தார் தண்ணீர் கேனைத் தூக்கிக் கொடுப்பார்கள். எண்ணமெல்லாம் நல்ல எண்ணம்தான். விளக்கு எரிந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், பார்த்தால் கேட்பார்கள் என்பதை மட்டும் திட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

என் தம்பி இஞ்ஞாசியின் வாசலில் இரண்டு வருஷம் அந்த விளக்கு எரிந்தது. அவன் மனைவி ஜொவிட்டா ஒரு நாள் தவறாமல் வந்து நாக்கை நீட்டினாள். போகும்போது ஒருத்தி, வரும்போது ஒருத்தி, "என்ன, விசேஷம் உண்டா?" என்பாள். ஒரு காலை அவள் வரிசையில் நிற்காமல் நேரே என்னிடம் வந்தாள்.

"வெளக்க அணைக்கச் சொல்லுங்க மைனி."

"ஏட்டி, பிள்ள வேண்டாம்னு ஆயிட்டா?"

"வேணும். வெளக்குதான் வேண்டாம். எதுத்த வீட்டு பெர்னதெத்து நேத்து சொல்லுதா, கரண்டுதான் தண்டம்னு."

பதிவை எடுத்தால்தான் விளக்கு அணையும், அதோடு மாத்திரையும் நிற்கும் என்பதால் அன்று மாலை அவள் வீட்டுக்குப் போய் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கரு நிற்பதற்கு ஒரு மாதமாவது முன்பே மாத்திரையைத் தொடங்கி, நின்றபின் மூன்று மாதம்வரை போட வேண்டும். நாள் தள்ளிப்போய், இருந்து பார்ப்போம் என்று காத்திருக்கும்போதே குழல் மூடிவிடும். இல்லையென்றால் பிறகு எப்போதும் மூடாது. போடாத எல்லாருக்கும் கெட்டது நடக்கும் என்று இல்லை. ஆனால் பாசிமாவு மட்டும் தின்கிற உடம்பை நம்பி இருக்க முடியாது.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "நின்னு மூணு மாசம் கழியட்டும் மைனி. அப்புறமா வந்து முழுங்குதேன். அதுக்கு முந்தி வெளிய சொன்னா கண்ணு பட்டுரும்னு எங்க அம்மை சொல்லுவா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரை போட வேண்டிய மாதங்களும் ஊருக்கு மறைக்க வேண்டிய மாதங்களும் ஒன்றாகவே இருக்கின்றன. கண்ணேறுக்குப் பயந்த ஊரில் கர்ப்பத்துக்கு விளக்குப் போட்டவனை என்ன சொல்வது?

மேற்பார்வையாளரிடம் போய், விளக்கில்லாமல் மாத்திரை கொடுங்கள் என்று கெஞ்சினேன். "அப்ப ட்ரோனுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு ட்ரோனைப் பற்றித்தான் கவலை.

பிறகு எனக்குத் தோன்றியதைச் செய்தேன். பதிய வருகிற பெண்ணிடம் காரணம் கேட்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. என் பெயரைப் பதிந்தேன். புருஷன் செத்து ஆறு வருஷமான என் வாசலில் மஞ்சள் விளக்கு எரிந்தது. காலையில் கொக்கு வைத்த மாத்திரையைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டேன். கொக்கு நாக்கைத்தான் பார்க்கும். பாதி கரைந்த மாத்திரையைத் துணியில் பொதிந்து ஜொவிட்டாவிடம் கொண்டுபோனேன்.

"ஒங்க வாயில கெடந்ததா மைனி?"

"ஆமா. முழுங்கு."

கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். அவள் அருவருத்தது எனக்குத் தெரியாமல் இல்லை. பாதி மாத்திரை பத்தாது என்பதும் தெரியும். ஒன்றுமில்லாததற்கு அது மேல் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு வாரம் ஓடியது. அதற்குள் என் விளக்கைப் பார்க்க அடுத்த மிதவையிலிருந்துகூட ஆள் வந்துவிட்டது. சாளரத்து வரிசையில் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள். கடைசியில் இஞ்ஞாசி வந்தான். உட்காரவில்லை.

"யக்கா, என்னால தலை நிமுந்து நடக்க முடியல. யாரு யாருன்னு கேக்காவ."

"ஒன் பிள்ளைக்குத்தாம்ல எரியுது."

"தெரியும். அவ சொல்லிட்டா. அத நான் ஊருகிட்ட சொல்ல முடியுமா? சொன்னா நாங்க ஒளிச்சதுக்கு என்ன அர்த்தம்?" அவன் குரல் உடைந்தது. "அணைச்சிரு யக்கா. ஒங் கால்ல விழுதேன்."

அணைத்துவிட்டேன். ஊர் வாயைத் தாங்கியிருப்பேன். தம்பி அழுவதைத் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஜொவிட்டா என்னைக் கண்டால் வேறு பாலம் வழியாகப் போனாள். கோடை முழுக்க அப்படியே கழிந்தது. மழை தொடங்கிய ஒரு காலையில் வரிசையின் கடைசியில் நின்றாள். முகம் பூரித்திருந்தது. தலையில் பூ வேறு. மிதவையில் பூ என்றால் காகிதப் பூதான். தன் முறை வந்ததும் சாளரத்துக்குள் தலையை நீட்டிக் காதோடு சொன்னாள்.

"மூணு மாசம் கழிஞ்சிட்டு மைனி. இனி வெளக்கப் போடுங்க. ஊரே பாக்கட்டும்."

என் வேலை சிரிப்பது. சிரித்தேன். பெயரைப் பதிந்ததும் அவள் நாக்கை நீட்டினாள். கொக்கு மாத்திரையை வைத்தது, எட்டிப் பார்த்தது, நன்றி சொன்னது. வீடு கட்டி முடித்தபின் கொண்டுவந்து இறக்கிய அஸ்திவாரக் கல்லைப்போல அந்த மாத்திரை அவளுக்குள் போயிற்று.

அன்று மாலை அவர்கள் வாசலில் விளக்கு எரிந்தது. பெர்னதெத்து கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தாளாம். அந்த வாரமே ஸ்கேன் எடுத்தார்கள். திரையை நான்தான் முதலில் பார்த்தேன். புருவத்துக்கு மேல் மண்டை இல்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். ஜொவிட்டா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் புரிந்துகொண்டாள்.

"இனிமே ரெண்டு ரெண்டா போட்டா மூடிருமா மைனி?"

"மூடாது ஜொவி."

"நாலு போட்டா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை போட்டாலும் போன நாள் திரும்பாது என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கருவை எடுத்துவிட்டார்கள். விளக்கை எந்திரமே அணைத்துவிட்டது. தெருவே அதைப் பார்த்தது. அன்றைக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றான் இஞ்ஞாசி.

சில வாரம் கழித்து இருவரும் டாக்டரிடம் வந்தார்கள். அடுத்த முறைக்கு வழி உண்டு என்றார் அவர். இப்படி ஒரு தடவை ஆனவளுக்குச் சாதாரண மாத்திரை போதாது. பத்து மடங்கு வீரியமுள்ளதை டாக்டர் கண்காணிப்பில், கரு நிற்பதற்கு முன்பிருந்தே போட வேண்டும். போட்டால் மறுபடி இப்படி ஆகும் வாய்ப்பு நன்றாகக் குறையும்.

இஞ்ஞாசியின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "இப்பமே பதிஞ்சிருங்க டாக்டர்."

ஜொவிட்டா அவரைப் பார்க்காமல் என்னைக் கேட்டாள். "அதுக்கும் வெளக்கு உண்டா மைனி?"

"உண்டு."

"மஞ்சளா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாசலில் எரியப்போவதை எத்தனை நாள் மறைப்பது?

"செவப்பு."

வீரிய மாத்திரை மற்ற பெண்களுக்கு மாறிப் போய்விடக் கூடாதாம். அதற்காகத் தனி நிறம். எங்கள் மிதவையில் இதுவரை எந்த வாசலிலும் சிவப்பு எரிந்ததில்லை. ஆபத்துள்ள குடும்பமே இங்கு இல்லை என்று மேற்பார்வையாளர் வருஷாவருஷம் கூட்டத்தில் பெருமையாகச் சொல்வார். நாங்கள் கை தட்டுவோம். ஜொவிட்டாவைப் போல இழந்த பெண்கள் எனக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள்.

ஜொவிட்டா எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வேண்டாம் டாக்டர். நாங்க இருட்டுலயே இருந்துக்கிடுதோம்."

மறுநாள் சங்கு ஊதியது. சாளரத்தைத் திறந்தேன். வரிசையில் முதலாவதாகப் புதிதாய்க் கல்யாணமான பெண் ஒருத்தி, கரு நின்று மூன்று மாதம் கழிந்த பூரிப்போடு, முதல் மாத்திரைக்காக நின்றாள். நான் சிரித்தேன்.