அக்காவின் கையில் இருந்த போன்

அக்கா படிக்கட்டின் அடியில் இறந்து கிடந்தபோது போன் அவள் கையில் இருந்தது. திரை நொறுங்கியிருந்தது. போனைப் பார்த்தபடி இறங்கியவள் கால் தவறி விழுந்தாள் என்றார் அத்தான். போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது.

சில நாட்களுக்குப் பின், மாலை ஐந்து மணி. போனைத் திருப்பிக் கொடுக்க வந்த பெண் இன்ஸ்பெக்டர் தேநீருக்காக உட்கார்ந்தார். பால் எடுக்கப் போன தங்கை ஃபிரிட்ஜ் முன் ஒரு கணம் நின்றாள். கதவில் அக்கா ஒட்டியிருந்த காந்தப் பூனை. அதன் மூக்கில் கருப்பாக நாலைந்து எறும்புகள். ஒன்றுகூட அசையவில்லை.

பிறகு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, வாங்கிவந்த புதுத் திரையை வைத்தாள். அக்காவின் படங்கள் எல்லாம் அந்த போனுக்குள்தான்.

"கடையில குடுத்தா ஆகாதா?" என்றார் அத்தான். "அக்காளும் தங்கச்சியும் எதையாவது பிரிச்சுப் போடலன்னா தூக்கம் வராது."

"அவ என்னைவிட உஷார் அத்தான். மிக்ஸியத் துடைக்கணும்னாகூட மொதல்ல பிளக்கைப் பிடுங்குவா."

பசையை இளக்க விளிம்பில் சூடான காற்றைக் காட்டினாள். சூடு ஏறுமுன்பே திரை தானாக வாய் பிளந்தது. உள்ளே பார்த்தவள் அத்தான் பக்கம் திரும்பினாள்.

"அக்கா என்ன பாத்துக்கிட்டு இறங்கினா?"

"எத்தனை தடவை சொல்றது? ஏதோ வீடியோ. ரூம்ல இருந்த எனக்கே சத்தம் கேட்டுச்சு. சிரிச்சுக்கிட்டே இறங்கினா."

"நல்லாக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுன்னுதானே சொல்றேன்!"

தங்கை போனை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினாள். "பேட்டரி வயரைப் பிடுங்கியிருக்கு மேடம். திரை மாத்தறவங்க மொதல்ல செய்யறது அதுதான். இதுல எப்படி வீடியோ ஓடும்?"

"விழுந்த வேகத்துல கழண்டிருக்கலாமே?"

"மேல ஒரு தகடு இருக்கும். திருகைக் கழட்டாம வயர் வராது."

"திருகு எங்க?"

தங்கை எழுந்துபோய்ப் பூனையைக் கொண்டுவந்து துணிமேல் வைத்தாள். அவை எறும்புகள் அல்ல. தொலையாமல் இருக்க அக்கா காந்தத்தில் ஒட்டிவைத்த, எள்ளளவு திருகுகள்.

"திரை முன்னாடியே உடைஞ்சிருக்கு. மாத்தறதுக்காகப் பிரிச்சவ, பாதி வேலையில, தூசி படாம திரையை மூடி வச்சுட்டு மாடிக்குப் போயிருக்கா. அங்கேருந்து அவளைத் தள்ளினது நீங்க. மேசையில கிடந்த போனை அவ கையில திணிச்சதும் நீங்க. உடைஞ்ச திரையைத்தான் பாத்தீங்க அத்தான். உள்ள பாக்கல."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். அத்தான் அவரைப் பார்க்கவில்லை. படிக்கட்டின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யாரும் இல்லை.

"அன்னிக்கு அவ சிரிக்கவே இல்ல," என்று முனகினார். "இப்ப எதுக்குச் சிரிக்கிறா?"