நிமிர்த்திய இடுக்கி

பட்டறையிலிருந்து இரண்டு சுத்தியல்களின் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒன்று கனமாக, அதன் வாலைப் பிடித்தபடி இன்னொன்று லேசாக. குன்வோர் காப்பிக் கெட்டிலை அடுப்பிலேயே விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். பட்டறையில் அவள் புருஷன் அஸ்லாக் மட்டும்தானே இருக்கிறான்?

மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடும் வடதேசத்து டிசம்பர் மாதம். போன வாரம் அஸ்லாக் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டியபோது ஒரு புதைகுழி கிடைத்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வைக்கிங் காலத்துக் கொல்லன் ஒருவனுடையது. இடுக்கி, சுத்தியல், உளி எல்லாவற்றையும் வேண்டுமென்றே வளைத்து அவனோடு புதைத்திருந்தார்கள். ஆளையும் விடவில்லை. எலும்புக்கூட்டின் முழங்கால்கள் இரண்டும் பின்பக்கமாக மடக்கப்பட்டிருந்தன. செத்தவன் எழுந்து வேலைக்கு உட்கார்ந்துவிடக் கூடாதே என்ற பயம். அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

"மியூசியத்துக்குச் சொல்லிடு அஸ்லாக்," என்று குன்வோர் அன்றைக்கே கெஞ்சினாள்.

"சொல்றேன்டி. எவ்வளவு நல்ல இரும்பு, இப்படிக் கோணிக் கிடக்குது பாரு! நிமித்திட்டுக் குடுக்கறேன். நானும் கொல்லன்தானே?"

பாழாய்ப்போன கொல்லன் புத்தி!

பனியில் கால் புதையப் புதைய ஓடினாள். நெருங்க நெருங்கக் கரிப்புகையோடு சதுப்புச் சேற்றின் அழுகல் வாடையும் மூக்கில் ஏறியது. கதவைத் திறந்ததும் இரண்டு சுத்தியல்களும் நின்றன. துருத்தி நிற்கவில்லை. மெதுவாக மூச்சு வாங்கி, மெதுவாக விட்டுக்கொண்டிருந்தது.

அஸ்லாக் உலையின் முன்னால் அழுதபடி நின்றான். இடது கை இடுக்கியை இறுகப் பற்றியிருந்தது.

"விட முடியலடி. விரல் பிரிய மாட்டேங்குது. காலையிலேர்ந்து இப்படியே..."

"துருத்தி யாரு ஊதறா?"

"பாக்காதே. குன்வோர், அந்தப் பக்கம் பாக்காதே!"

அவள் பார்க்கவில்லை. அவனை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். அது போதும். அவன் வலது கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கினாள்.

"மறுபடி வளைச்சிடறேன். அவன் படுத்துடுவான். நீ முனையை நெருப்புல காட்டு. காட்டு!"

இடுக்கி சிவந்தது. அடித்தாள். வளையவில்லை. ஐயோ, கடவுளே. மறுபடி அடித்தாள்.

வளைந்தது.

கூடவே ஒரு முறிவுச் சத்தம். இரும்பின் சத்தமில்லை அது.

அஸ்லாக் தரையில் கிடந்தான். முழங்கால்கள் இரண்டும் பின்பக்கமாக மடங்கியிருந்தன. கண் திறந்திருந்தது. வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. வளைந்த இடுக்கி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

இடுக்கி இப்போது அஸ்லாக்குடையது. அது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

துருத்தி நின்றது.

இருட்டுக்குள் மூட்டுகள் ஒவ்வொன்றாகச் சொடுக்கின. நிமிர்ந்தன. கூரை உத்திரத்தில் தலை இடிக்க ஓர் ஆள் எழுந்து நின்று, அவள் கையிலிருந்த சுத்தியலுக்காகக் கையை நீட்டினான்.