மூன்று தட்டு

சாம்பலுக்கு நடுவில் ஒரு பச்சைக் கொப்பு கிடந்தது. புயலில் முறிந்து விழுந்ததையெல்லாம் கொல்லையில் குவித்துக் கொளுத்தி ஒன்பது நாளாகிவிட்டது. இனி விழுவதற்கு அங்கே ஒரு கிளைகூட மிச்சமில்லை. காற்றில் எங்கிருந்தோ வந்திருக்கும் என்று தம்பி அதைக் காலால் எத்திவிட்டுப் பல் தேய்க்கப் போனான்.

மறுநாள் காலை ஏழு கொப்புகள். அதற்கும் மறுநாள் இடுப்பளவு உயரம். தானாக விழுந்தவை என்றால் தாறுமாறாகக் கிடக்கும். இவற்றை யாரோ அடுக்கியிருந்தார்கள். அடிப்பக்கம் எல்லாம் வெளியே, நுனியெல்லாம் உள்ளே. அந்த வீட்டில் அப்படி அடுக்குகிற ஆள் அண்ணன் ஒருவன்தான்.

அண்ணனுக்குச் சுள்ளி எரிப்பதென்றால் சும்மா இல்லை. வேலியிலிருந்து தள்ளிக் குவிக்க வேண்டும். ஒரு பக்கம் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து விட வேண்டும். குவியலைக் கம்பால் மூன்று தட்டுத் தட்டி, வாய்விட்டு இருபது வரை எண்ண வேண்டும். உள்ளே ஓணானோ கீரியோ எது இருந்தாலும் அதற்குள் அந்தச் சந்து வழியாக வெளியே வந்துவிடும். அப்புறம் காற்று எந்தப் பக்கம் என்று முகத்தைத் தூக்கிப் பார்த்து, கடைசியில்தான் தீக்குச்சி. பக்கத்தில் நிற்கிற தம்பிக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

“தட்டாம தீ வைக்காதடா. உள்ள இருக்கறதுக்கும் உசுருதானே” என்பான் அண்ணன்.

புயலுக்குப்பின் குவித்த குவியலுக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது, இரண்டு வாரம் போகட்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். தம்பிக்குப் பொறுமை ஏது? அண்ணி வேலைக்குப் போயிருந்தாள். அண்ணனையும் காணவில்லை, கடைக்குப் போயிருப்பான் என்று நினைத்தான். டீசலை ஊற்றிப் பற்றவைத்தான். தட்டவில்லை. குட்டிகளை எடுத்துவர அண்ணன் மறுபக்கச் சந்து வழியாக உள்ளே தவழ்ந்து போயிருந்தது அவனுக்குத் தெரியாது.

தீ நன்றாகப் பிடித்தபிறகு உள்ளேயிருந்து மூன்று தட்டு கேட்டது. பச்சை மரம் வெடிக்கிறது என்று நினைத்தான். மறுபடியும் கேட்டது, சரியாக மூன்று. அப்போது புரிந்துவிட்டது. புரிந்தும் கால் நகரவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நீளக் கொக்கி கிடந்தது. அதை எடுத்துக் குவியலைக் கலைத்திருக்கலாம். எடுக்கவில்லை. மூன்றாம் முறை ஒரே ஒரு தட்டுத்தான் கேட்டது.

அண்ணி வருவதற்குள் சாம்பலைக் கிளறி, கிடைத்ததையெல்லாம் வேலியோரக் குழியில் போட்டு மூடினான். அண்ணன் டவுனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான் என்றான். அன்றிலிருந்து அண்ணி ஊர் ஊராக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறாள். இன்றும் விடியுமுன்பே கிளம்பிப் போயிருந்தாள்.

இன்று கொல்லையில் குவியல் இல்லை. தம்பிக்கு அப்பாடா என்றிருந்தது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன், தரையில் இலைக்கொப்பு இழுபடும் சத்தத்தில் விழித்தான். சர்ரென்று இழுபடும், சற்று நிற்கும், மறுபடி இழுபடும். சுமையை இறக்கி மூச்சு வாங்கும் ஓர் ஆளின் நிதானம் அதில் இருந்தது. நனைந்த சாம்பல் வாடை வீட்டுக்குள் வந்து, தலையணைவரை ஏறியிருந்தது. மணி நான்குதான், ஆனால் அறை இருட்டிக்கிடந்தது. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தான்.

கம்பிகளுக்கு அப்பால் இலைகள். நுனிகள். எல்லாம் அவனைப் பார்த்து.

கூடத்து ஜன்னலுக்கு ஓடினான். அங்கேயும் நுனிகள். வாசல் கதவைத் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. வீட்டைச் சுற்றிலும் அடுக்கியாகிவிட்டது. அடுப்படிக்குப் போனான். பின்கதவு திறந்திருந்தது. அதற்கு வெளியே கொப்புகளுக்கு நடுவே ஒரு சந்து. ஆள் தவழ்கிற அகலம். கடைசியில் கொஞ்சம் பகல் வெளிச்சம்.

சுவரில் தட்டு விழுந்தது.

டொக். டொக். டொக்.

பிறகு எண்ணும் குரல். கரி அடைத்த தொண்டையிலிருந்து, அவசரமில்லாமல். “ஒண்ணு. ரெண்டு. மூணு.”

மண்டியிட்டுச் சந்துக்குள் தலையை நுழைத்தான். சட்டைப் பையில் போன் அடித்தது. அண்ணி. அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

“மறைக்காம சொல்லுங்க தம்பி. அவர் உயிரோட இல்லன்னாலும் பரவால்ல, தாங்கிக்கிறேன். அவருக்கு என்ன ஆச்சு?”

வெளியே எண்ணிக்கை பதினான்கில் நின்றுவிட்டது. யாரோ காதைக் கொடுத்துக் கேட்கிறார்கள். சொல்லிவிடு. நாக்குவரை வந்துவிட்டது. கொக்கி ஞாபகம் வந்தது. ஊரே கூடி நிற்கும். போலீஸ் குழியைத் தோண்டும். அண்ணி இந்த முகத்தைப் பார்ப்பாள்.

“சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி. டவுனுக்குப் போறேன்னுதான் சொன்னாரு.”

போனை வைத்தான். தவழ்ந்தான்.

“பதினஞ்சு. பதினாறு.” முழங்கை கிழிந்தது. “பதினேழு. பதினெட்டு.” இன்னும் இரண்டு முழம். “பத்தொம்பது.” வெளிச்சத்துக்குக் கையை நீட்டினான்.

“இருபது.”

சந்தின் வாயில் ஒரு கொப்பு வந்து செருகிக்கொண்டது. நுனி உள்ளே, அவன் கன்னத்தில். அதன்மேல் இன்னொன்று. டீசல் வாடை. எங்கோ பூனைக்குட்டி ஒன்று மெலிதாகக் கத்தியது. தீக்குச்சி உரசும் சத்தம்.

அந்தச் சின்ன வெளிச்சத்தில், இலைகளுக்கு அந்தப் பக்கம், இமையும் உதடும் இல்லாத ஒரு கரிமுகம் மெல்ல மேலே நிமிர்ந்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தது.