இதழினிக்கு ஆகாத மஞ்சள்

சனிக்கிழமை மாலைகளில், வெயிலுக்கு ஒதுங்கும் கோவை நிழற்கூடத்தில், மாதங்கியின் மேசை முன்னால் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். புலி, மயில் என்று கேட்டதை முகத்தில் வரைவாள். ஆனால் தூரிகையைத் தொடும் முன் பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு சொட்டு நிறம் வைத்து, அதன்மேல் தோல்மானிப் பட்டையைக் கட்டி அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். பட்டையில் பச்சை விளக்கு எரிந்தால்தான் வரையலாம்.

வெப்ப ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் தோல் அப்படி. பெரியவர்களை ஒன்றும் செய்யாத சாயம்கூட அவர்களைப் புண்ணாக்கிவிடும்.

அன்று கடைசியாக நின்றவள் ஆறு வயது இதழினி. புலி வேண்டும் என்றாள். முகத்துக்கான மஞ்சள் தீர்ந்திருந்தது. கூடம் மூடும் நேரமும் நெருங்கிவிட்டது. பிள்ளையை வெறும் முகத்தோடு அனுப்ப மாதங்கிக்கு மனம் வரவில்லை. காகிதத்துக்கான போஸ்டர் மஞ்சளை எடுத்தாள். பட்டையில் இதழினியின் பதிவு எண்ணை ஏற்றிவிட்டு, தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்து அதன்மேல் கட்டிக்கொண்டாள். பெரியவர் தோலில் ஒரே நிமிடத்தில் பச்சை வந்துவிடும். வந்தது.

புலி முடிவதற்குள் இதழினியின் கன்னம் வீங்கியது.

ஓடிவந்த கூடத்துச் செவிலியர் முகத்தைக் கழுவி மருந்து தடவினார். பிறகு பட்டையின் பதிவைப் பார்த்தார். சோதனையில் பச்சை எரிந்திருந்தால் குற்றம் நிறத்தில் இல்லை, பிள்ளையின் தோலில் என்பது சட்டம்.

"சோதிச்சுத்தானுங்க வரைஞ்சீங்க?"

"ஆமாங்க" என்றாள் மாதங்கி.

இதழினியின் தோல்பதிவேட்டில் 'மஞ்சள் ஆகாது' என்று ஏறியது. இனி ஆயுசுக்கும் மஞ்சள் கிரேயான், மஞ்சள் சட்டை எதுவும் அவள் கைக்கு வராது.

"என் தோலு கெட்டதாக்கா?" என்று கேட்டாள் இதழினி. மாதங்கி குனிந்து தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மாதங்கி பதிவகத்துக்குப் போய் உண்மையைச் சொன்னாள். அவளுடைய உரிமம் ரத்தானது. சிறுமியின் பதிவும் நீங்கியது. அங்கிருந்து நேராக இதழினியின் வீட்டுக்குப் போய், நடந்த எல்லாவற்றையும் அவள் அம்மாவிடம் ஒப்புக்கொண்டாள்.

அந்தப் பெண் கத்தவில்லை. "மூணு நாளா மூஞ்சியத் தேச்சுத் தேச்சுக் கழுவுறாளுங்க. கழுவுனா தோலு நல்லாயிருமான்னு கேட்டா. நாந்தான் சோப்பு எடுத்துக் குடுத்தேன்" என்றாள்.

அம்மாவுக்குப் பின்னால் இதழினி நின்றாள். வீக்கம் வடிந்திருந்தது. தேய்த்த இடமெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

மாதங்கி மண்டியிட்டாள். "உன்ர தோல்ல ஒண்ணுமில்ல கண்ணு. தப்புப் பண்ணுனது நான்."

இதழினி அவளைப் பார்க்கவில்லை. அது நிஜமா என்று அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.