அப்பா வீட்டில் இல்லை

புதுவைகையில் காலையில் எழுந்ததும் முதல் வேலை, வாசற்கதவிடம் தலைக்கணக்குச் சொல்வது. "அப்பாவும் நானும், ரெண்டு பேர்" என்றால் இரண்டு பேருக்கான காற்றைக் கதவு திறந்துவிடும். செவ்வாய்க் கிரகத்தில் காற்று குழாயில்தான் வரும். வீட்டுக்குள் கண்காணிப்புக் கருவி கூடாது என்று முதல் குடியேறிகள் சண்டை போட்டு ஜெயித்திருந்ததால், கதவுக்குக் கண் கிடையாது. காது மட்டும் உண்டு. அதன் பெயர் வாசற்செவி. வாசலில் யார் எதைச் சொன்னாலும் அது அப்படியே நம்பும். வாய்ச்சொல்லுக்கு அத்தனை மரியாதை வேறெந்தக் கிரகத்திலும் கிடையாது.

அந்த வாசற்செவி கேட்கத்தான் மாந்தளிர் பொய் சொல்லித் தொலைத்தாள்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. புதுவைகைச் சிறுமியர் கபடி அணியின் தலைவி. போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குச் சோலைமலை மாமா வந்தார். விண்கலத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். ஆனால் எடையில்லாத வெளியில் தான் ரசம் வைத்த கதையை ஆரம்பித்தால் ரசம் கொதித்து இறங்கும்வரை யாரும் எழுந்திருக்க முடியாது. நடைகூடத்தில் அவர் செருமியதைக் கேட்டதுமே மாந்தளிரின் அப்பா திருமேனி கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டார்.

"தளிரு, அப்பா வீட்ல இல்லன்னு சொல்லிரு!"

சொன்னாள். மாமா போய்விட்டார். அவளும் கதவிடம் சொல்ல மறந்து பயிற்சிக்கு ஓடிவிட்டாள். வாசற்செவிக்குத்தான் குழப்பம். திருமேனி வீட்டில் இல்லை; வெளியே போனதாகவும் பதிவில்லை. அப்படியானால் மனிதர் கவசமில்லாமல் ஊரை மூடியிருக்கும் காற்றுக் கூண்டைவிட்டே வெளியேறிவிட்டார் என்று முடிவுகட்டி அபாயச் சங்கை ஊதியது. மீட்பு வண்டிகள் செம்மண் பாலையைச் சாயங்காலம்வரை சல்லடை போட்டுச் சலித்தன. வீட்டில் காற்று பாதியாகக் குறைந்ததில், கட்டிலுக்கு அடியில் திருமேனிக்கு அருமையான தூக்கம்.

பொய்த் தலைக்கணக்கு அங்கே பெருங்குற்றம். சிறுவர் செய்தால் துருவத்துச் சீர்திருத்தக் கூண்டில் மூன்று மாதம். விசாரணை நாளன்று மாலையில்தான் கபடி இறுதி ஆட்டம். அம்மா இல்லாத பெண்ணை மூன்று மாதம் பிரிந்திருக்கத் திருமேனியால் முடியாது.

ஒரே நம்பிக்கை, மாநில அவை அப்போதுதான் கொண்டுவந்திருந்த மூலத்தேடல் சட்டம். பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் குற்றம் சொந்தச் சரக்கா, யாரிடமாவது கற்றதா என்று முதலில் பார்க்க வேண்டும். கற்றதென்றால் தண்டனை கற்பித்தவருக்கு; அவரும் சிறுவயதில் கற்றவரென்றால் அவருக்குக் கற்பித்தவருக்கு. இயந்திரங்களும் பெரியவர்களைப் பார்த்தே கற்பதால் பதினெட்டு ஆண்டு ஓடாத இயந்திரமும் சிறுவரே. பிறந்ததும் காதுக்குப் பின்னால் பதிக்கும் நினைவுச் சில்லைத் தடங்காணி என்ற கருவியில் வைத்தால், ஒரு பழக்கம் மனதில் விழுந்த முதல் காட்சி சுவரில் ஓடும்.

நீதிபதி நாச்சியார் கண்டிப்பானவர். பக்கத்தில் அவருடைய குமாஸ்தா இயந்திரம் பட்டு. வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. புதிதாக எதையாவது கற்றுக்கொண்டால் அதன் நெற்றியில் பச்சை விளக்கு மின்னும்.

"ஏம்மா பொய் சொன்ன?" என்றார் நாச்சியார்.

"அப்பா சொல்லச் சொன்னாரும்மா. ஆனா அவரக் கூட்டிட்டுப் போயிராதீங்க. மேட்ச்ல எனக்காகக் கத்த வேற ஆளே இல்ல."

திருமேனி எழுந்தார். "தப்பு என்னோடதும்மா. என்னைய அனுப்புங்க. பிள்ள விளையாடட்டும்."

தடங்காணி ஓடியது. சுவரில் கட்டிலுக்கு அடியிலிருந்து திருமேனியின் தலை எட்டிப்பார்த்தது. நீதிமன்றமே சிரித்தது. அடுத்து திருமேனியின் சில்லு. அதில் ஆறு வயதுத் திருமேனியிடம் அவருடைய அப்பா அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருமே சிறுவயதில் கற்றவர்தான்! ஆவணக் காப்பகத்திலிருந்து முன்னோர்களின் சில்லுகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாரும் பால்பல் விழாத வயதில் கற்றிருந்தார்கள். கடைசிச் சில்லில் தெரிந்தது பூமி. மதுரையில் ஓர் அடுக்குமாடி வீடு. அழைப்புமணி அடிக்கிறது. ஒரு பையன் "உண்மையே பேசு" என்று கையெழுத்துப் பயிற்சி எழுதிக்கொண்டிருக்கிறான். செல்போனும் கையுமாக ஒருவர் குளியலறைக் கதவிடுக்கில் நின்று அவனைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்.

"அப்பா வெளிய போயிருக்காருன்னு சொல்லுடா."

அதற்கு முந்தைய காலத்தில் சில்லே கிடையாது.

நாச்சியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு பொய் கிரகம் விட்டுக் கிரகம் தாண்டி வந்திருக்கு. அந்த மனுசனுக்கு இங்கருந்து சம்மன் அனுப்ப வழியில்ல. ரெண்டு பேருக்கும் விடுதலை. ஆனா ஒண்ணு, பிள்ளைங்க முன்னால வாயைத் தொறக்குறப்ப ஒவ்வொருத்தரும் யோசிச்சுத் தொறக்கணும்."

மாந்தளிர் துள்ளிய துள்ளலில், செவ்வாயின் குறைந்த ஈர்ப்பில், தலை கூரையில் இடித்தது. வலியே தெரியவில்லை. திருமேனி அழுதுகொண்டே சிரித்தார். நீதிமன்றம் முழுக்க ஒரே கைதட்டல்.

நாச்சியாரும் மகிழ்ச்சியாகத் தன் அறைக்குப் போய்ச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அவருக்கும் கபடி என்றால் உயிர். சீக்கிரம் போனால் முன்வரிசையில் இடம் கிடைக்கும். அப்போது வாசலில் ஒரு செருமல். சாட்சி சொல்ல வந்து, ஒரு கேள்வியும் கேட்கப்படாமல் உட்கார்ந்திருந்த சோலைமலை மாமா.

"அம்மாகிட்ட ஒரே ஒரு வார்த்தை. அன்னைக்கு நான் சொல்ல வந்த ரசம் விஷயம் இன்னும் பதிவாகல பாருங்க..."

நாச்சியார் கையிலிருந்த கவளம் அந்தரத்தில் நின்றது. குனிந்து கிசுகிசுத்தார்.

"பட்டு, அம்மா அப்பவே கிளம்பிட்டாங்கன்னு சொல்லிரு."

பட்டுவின் நெற்றியில் பச்சை விளக்கு மின்னியது. அது வாசலுக்குப் போய்த் தேன் சொட்டும் குரலில் சொன்னது. அந்த அறையின் வாசற்செவியும் கேட்டுக்கொண்டது. மாமா பெருமூச்சு விட்டுத் திரும்பினார்.

சிறிது நேரத்தில் புதுவைகை முழுக்கச் சங்கு அலறியது. மீட்பு வண்டிகள் வரிசையாகப் பாலையை நோக்கிப் பறந்தன.

மைதானத்துக்குப் போகும் வழியில், அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த மாந்தளிர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

"அப்பா, சத்தியமா இது நான் இல்ல!"