மிச்ச வெளிச்சம்

காலையில் திரையில் வந்த வானப்படத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்பு இருந்தது. அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அப்படியேதான் இருந்தது. செயற்கைக்கோள் பிடித்து அனுப்பும் காமா கதிர்களில் தெரிந்த விண்மீன்களையும் தெரிந்த அண்டங்களையும் கழித்த பிறகும், வானமெங்கும் ஒரு மங்கல் வெளிச்சம் மிஞ்சும். அது எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று துப்புத் துலக்குவதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை. எந்தத் திசையிலும் அது இல்லாமல் போனதே இல்லை.

முதல் சந்தேகம் கணவன்மேல்தான். அலுவலகத்தில் அடுத்த அறையில் உட்கார்ந்து, வரும் பதிவுகளைச் சரிபார்த்து அவளுக்கு அனுப்புகிறவன் அவன்.

"நீங்க எதையாவது அழிச்சீங்களா?"

"நான் ஏன் அழிக்கப்போறேன்?" என்றான், திரும்பாமலே.

அவனுக்குத் தெரியாமல் மூலப் பதிவைத் திறந்தாள். அதிலும் கறுப்பு. மறுநாள் அது உள்ளங்கை அளவாகியிருந்தது. செயற்கைக்கோளுக்கு அனுப்பிய உத்தரவுகளின் பதிவைப் புரட்டினாள். பத்து நாளாக யாரோ அதன் தொலைநோக்கியை அந்த இடத்தை விட்டு நகரவிடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு உத்தரவிலும் அவன் கையெழுத்து.

பத்து நாளாகத்தான் அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். குழாய் சொட்டும் சத்தமும், மின்விசிறியின் முனகலும், தேய்த்த துணியின் சூடான வாசமும், திரைச்சீலை வழியாகக் கசிந்த வெயிலுமாக வீடு வழக்கம்போலவே இருக்க, அவன் மட்டும் கூடத்தில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஆடை படிந்த காப்பி.

அலுவலகத்திலிருந்து கைப்பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த கதிர் அளக்கும் பெட்டியை எடுத்தாள். செங்கல்லிலும் கல்லிலும் மனித உடம்பிலும்கூடத் துளிக் கதிர் இருக்கும். சுவரிடம் காட்டினாள். டிக். டிக். தரையிடம். டிக்.

அவன் முதுகுக்கு நேராக நீட்டினாள்.

ஒன்றும் இல்லை.

அவனுக்கு அப்பால் இருந்த சுவரின் டிக்கூடக் கேட்கவில்லை.

"என்ன அது?" அவன் எழுந்தான்.

"சும்மா... ஆபீஸ்ல குடுத்தாங்க."

"குடு, பாக்கறேன்."

வாங்கிக்கொண்டான். விரல் பட்ட இடம் சில்லிட்டது. பெட்டியை அவள் நெஞ்சருகே பிடித்தான். டிக். டிக் டிக். கண்ணை மூடிக் கேட்டான்.

"உன்கிட்ட இன்னும் நிறைய இருக்கே," என்றான் ஆசையாக.

நெற்றியோடு நெற்றி வைத்தான். அவளால் விலக முடியவில்லை.

டிக்.

வெகுநேரம் கழித்து, இன்னொரு டிக்.